அப்பா ஊர்ப் பேச்சை எடுக்காமல் வளர்த்தால் குழப்பம் இருக்காதா?

கேள்வி, 9 ஜனவரி 2025

பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். என் அக்கா பெங்களூரில் வேலை பார்த்தபோது கானா நாட்டுக்காரர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். பெண் குழந்தை, எட்டு மாதம். மாமாவுக்கு அடிக்கடி வெளிநாட்டு வேலை என்பதால் அக்காவும் பாப்பாவும் இனி எங்கள் வீட்டில்தான் இருப்பார்கள். அப்பா ஊர், அப்பா மொழி என்ற பேச்சையே எடுக்காமல் தமிழ்ப் பிள்ளையாக மட்டும் வளர்த்தால் பாப்பாவுக்குக் குழப்பம் இருக்காது என்று நான் சொல்கிறேன். அக்கா ஒத்துக்கொள்ள மறுக்கிறாள். யார் சொல்வது சரி?

9 ஜனவரி, இரவு

உங்கள் அக்கா சொல்வது சரி. நீங்கள் சொல்கிற மாதிரி வளர்ந்தவள் நான்.

1990-ல் கிருஷ்ணகிரியில் பிறந்தேன். அம்மாவுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். அப்பாவுக்குத் தான்சானியா, கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் மோஷி என்ற ஊர். அவர் பெங்களூருக்குப் படிக்க வந்தார், அம்மா அங்கே நர்சிங் படித்தாள். எனக்கு நாலு வயதாகும்போது அப்பா ஊருக்குப் போனார். அம்மா கூடப் போகவில்லை. அதற்கப்புறம் வீட்டில் அவர் பெயரை யாரும் எடுத்ததில்லை. தாத்தா, ஆயா, மாமா மூன்று பேரும் நல்ல மனசோடுதான் முடிவு பண்ணினார்கள். பிள்ளை நம்ம பிள்ளை, அவ்வளவுதான்.

வாசற்படிக்கு உள்ளே அது போதுமானதாக இருந்தது. வெளியே போனால் கடைக்காரரிலிருந்து பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா வரை என் தலையைப் பார்த்துக் கேட்பார்கள், "யார் வீட்டுப் பொண்ணு நீ?" என்று. என் கதை ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அந்த வயதில் அதைவிடக் கஷ்டம் வேறு எதுவும் இருந்ததாக நினைவில்லை.

10 ஜனவரி

நிறம் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார். எங்கள் பக்கம் நிறம் பெரிய விஷயமாக இருந்ததில்லை. என் தாய்மாமன் என்னைவிடக் கருப்பு, வெயிலில் மாந்தோப்பே கதி என்று கிடக்கிறவர். என்னைக் காட்டிக் கொடுத்தது முடிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயா திண்ணையில் உட்கார்ந்து என்னை இரண்டு முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொள்வாள். முதல் சில வருஷம் உச்சியிலிருந்து சீப்பை இழுத்தாள். சீப்புப் பல் உடையும், நான் அலறுவேன், அவளும் அழுவாள். அப்புறம் யாரும் சொல்லிக் கொடுக்காமலே வழி கண்டுபிடித்தாள். செம்பருத்தி இலையை அரைத்துத் தேய்த்து, முடி ஈரமாக இருக்கும்போதே விரலால் பாத்தி பாத்தியாகப் பிரிப்பாள். நுனியிலிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருவாள். ஒவ்வொரு பாத்திக்கும் விளக்கெண்ணெய் கலந்த தேங்காய் எண்ணெய். முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். பள்ளியில் ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டை ஜடை வேண்டும் என்பார்கள். என் ஜடை மடியாது, ரிப்பன் மட்டும் மடியும். ஆனால் கனகாம்பரம் வைத்தால் எனக்கு ஊசி வேண்டாம். முடி தானாகவே பூவைப் பிடித்துக்கொள்ளும். ஆயா அதைத் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவாள்.

பாப்பாவுக்கு எட்டு மாதம்தான் ஆகிறது. முடியை இழுத்து வாரவேண்டாம் என்று வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.

12 ஜனவரி

பாப்பாவின் குடியுரிமை பற்றிக் கேட்டீர்கள். இந்தியாவில் பிறந்தால் இந்தியக் குடிமகள்தான், கவலை வேண்டாம்.

13 ஜனவரி

நேற்று எழுதியது தவறு. அவசரத்தில் எழுதிவிட்டேன். இங்கே பிறந்தாலே போதும் என்பது 1987 ஜூலை 1-க்கு முன்னால் பிறந்தவர்களுக்கு. அதற்குப் பிறகு, 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்களுக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருக்கவேண்டும். என் கணக்கு இதில் வருகிறது. 2004 டிசம்பர் 3-லிருந்து இன்னொரு நிபந்தனை சேர்ந்தது. ஒருவர் இந்தியராக இருந்தால் மற்றவர் சட்டவிரோதமாக இங்கே வந்தவராகவோ தங்கியவராகவோ இருக்கக்கூடாது. உங்கள் மாமா முறையான விசாவில் இருந்ததால் பாப்பா இந்தியர்தான். பிறப்புச் சான்றிதழோடு மாமாவின் பாஸ்போர்ட், விசா நகலையும் பத்திரப்படுத்துங்கள். எங்கள் வீட்டில் அப்பாவின் காகிதம் ஒன்றைக்கூட வைக்கவில்லை. அதனால் பட்ட அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

பாஸ்போர்ட்டுக்கு இப்போது அம்மா, அப்பா இருவரில் ஒருவர் பெயர் போதும். 2016 டிசம்பரில் விதியை மாற்றினார்கள். நான் அதற்கு முன்பே எடுத்துவிட்டேன்.

15 ஜனவரி

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். ராத்திரி களி கிண்டினார்கள்.

இதை எழுதியே ஆகவேண்டும். நம் பக்கம் களி உருண்டையை எப்படிச் சாப்பிடுவோம்? விரலால் கிள்ளி, கீரையிலோ அவரைக்கொட்டைக் குழம்பிலோ தோய்த்து, மெல்லாமல் அப்படியே விழுங்குவோம். நான் சின்ன வயசிலிருந்தே கிள்ளியதைக் கட்டைவிரலால் அமுக்கி ஒரு குழி செய்து, அதில் குழம்பை அள்ளிச் சாப்பிடுவேன். "என்னாடி, களியில கெணறு தோண்டுற" என்பாள் ஆயா.

2016-ல் மோஷிக்குப் போனேன். முதல் நாள் ராத்திரி தட்டில் உகாலி வைத்தார்கள். எங்கள் களி மாதிரியே இருந்தது, ஆனால் வெள்ளை, மக்காச்சோள மாவு. அப்பா ஒரு துண்டு கிள்ளினார், கட்டைவிரலால் அமுக்கினார், குழி செய்தார், கீரையை அள்ளினார். அவர் அக்காவும் பிள்ளைகளும் அப்படித்தான் சாப்பிட்டார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபத்தாறு வருஷமாக என் கட்டைவிரல் யாரையோ ஞாபகம் வைத்திருந்த மாதிரி இருந்தது. ரத்தத்தில் வருவதை யாராலும் மறைக்க முடியாது என்று அன்றைக்கு நம்பினேன்.

18 ஜனவரி

ஒருவர் கேட்ட கேள்வி நியாயமானது: ரத்தத்தில் கட்டைவிரல் பழக்கம் வருமா? வராதுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு அப்படித்தான் தோன்றியது.

19 ஜனவரி

உங்கள் பக்கத்தில் குலதெய்வம் கும்பிடப் போகும்போது பாப்பாவை என்ன செய்வீர்கள் என்று யோசித்தீர்களா? நம் ஊரில் ஒருத்தர் யார் என்பது இதில்தான் தெரிகிறது. பங்காளிகள், குலதெய்வம், பேருக்கு முன்னால் வரும் எழுத்து, எல்லாமே அப்பா வழி. அப்பா பேச்சே கூடாது என்றால் இது எல்லாமே இல்லை என்றாகும்.

எங்கள் நிலத்து ஓரத்தில் வேடியப்பன் இருக்கிறார். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆநிரை மீட்டோ சண்டையிலோ செத்தவனுக்கு நட்ட பழைய நடுகல், கையில் வில்லோ வாளோ இருக்கும். பல ஊரில் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். பொங்கலுக்குத் தாத்தா வழிப் பங்காளிகள் எல்லாம் கூடுவார்கள். நானும் போவேன், பூ போடுவேன். யாரும் போ என்று சொன்னதில்லை. ஆனால் பெரியவர் ஒருத்தர் திருநீறு கொடுத்துவிட்டு அன்பாகத்தான் கேட்டார், "இது உங்கம்மா சாமி. உன் சாமி எதுன்னு தெரிஞ்சுக்கம்மா, அதையும் கும்பிடணும், விட்டுடக் கூடாது." அப்போது எனக்குப் பதினொரு வயசு. வீட்டுக்கு வந்து என் சாமி எது என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. தாத்தா எழுந்து தோப்புக்குப் போய்விட்டார்.

22 ஜனவரி

சாதிச் சான்றிதழ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு அலுவலகத்தில் "அப்பா என்ன சாதி?" என்றார்கள். அம்மா, "அவங்க நாட்டுல இது கிடையாது" என்றாள். "கிடையாதுன்னா எப்படி எழுதறது?" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடைசிவரை பொதுப்பிரிவில்தான் படித்தேன். பக்கத்தில் திருப்பத்தூர்க்கார வழக்கறிஞர் ஒருவர் 2019-ல் சாதியும் மதமும் இல்லை என்றே சான்றிதழ் வாங்கியபோது அம்மா அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்தாள். அவர் வேண்டாம் என்று விட்டவர். எனக்கு வேண்டுமா வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டும் ஒன்று கிடையாது.

26 ஜனவரி

மோஷியில் என்ன நடந்தது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்.

மும்பை போய், அடிஸ் அபாபா வழியாக கிளிமஞ்சாரோ விமான நிலையம். போவதற்கு முன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு அந்த அட்டையைக் கையில் வைத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது இங்கே இறக்கி நிறுத்திவிடுவார்கள். அப்பா முடி நரைத்து நின்றார். அவருக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறது. அந்த அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், அப்பா அப்போதும் தள்ளியே நின்றார்.

இங்கே இருபத்தாறு வருஷம் நான் ஆப்பிரிக்காக்காரி. அங்கே கால் வைத்த முதல் நாளே சந்தையில் என்னை "ம்ஹிந்தி" என்றார்கள். ஸ்வாஹிலியில் இந்தியர் என்று அர்த்தம். தேடிப் போன இடத்திலும் நான் வெளியூர்தானா என்று அன்று ராத்திரி ரொம்ப அழுதேன்.

மூன்றாம் நாள் பெரியப்பா என்னை வாழைத்தோப்புக்குக் கூட்டிப் போனார். எங்கள் அப்பா ஆட்கள் சாகா இனத்தவர். மலைச்சரிவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பரம்பரையாக ஒரு தோப்பு உண்டு, கிஹம்பா என்கிறார்கள். மேலே வாழை, நிழலில் காப்பி, வீடு, மாட்டுக் கொட்டகை, எல்லாம் ஒரே இடத்தில். முன்னோரைப் புதைப்பதும் அங்கேயேதான். அப்பாவின் அப்பா சமாதி ஒரு வாழைக்கட்டைப் பக்கத்தில் இருந்தது. பெரியப்பா ஒரு குவளையில் கொஞ்சம் ம்பெகே ஊற்றி மண்ணில் விட்டார். வாழைப்பழமும் முளைகட்டிய ராகியும் சேர்த்துக் காய்ச்சுகிற கள் அது. என் பெயரைச் சொல்லி என்னவோ பேசினார். எனக்கு மொழி புரியவில்லை, சத்தம் புரிந்தது. பொங்கலன்று வேடியப்பன் முன்னால் பங்காளிகள் முணுமுணுக்கிற அதே சத்தம்.

பதினொரு வயசில் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அங்கேதான். தாத்தா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவரிடம் சொல்ல முடியவில்லை.

27 ஜனவரி

ராகியா என்று ஆச்சரியப்பட்டவருக்கு: ராகிக்குப் பூர்வீகமே அந்தப் பக்கம்தான். கேழ்வரகை முதலில் பயிராக்கியது எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலங்களில். பல ஆயிரம் வருஷத்துக்கு முன் கடல் தாண்டி இங்கே வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ராகி என்றால் நம் இரண்டு மாவட்டம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும், ஆனாலும் இதை யாரும் வெளிநாட்டுப் பயிர் என்று நினைப்பதில்லை. ஸ்வாஹிலியில் கேழ்வரகுக்கு "உலேசி" என்று பெயர். பிள்ளை வளர்ப்பதற்கும் அதே சொல்தான் என்று பெரியப்பா மருமகள் சொன்னாள். இதை ஆயாவிடம் சொன்னபோது, "பின்ன, ராகி இல்லாம பிள்ளை எப்படி வளரும்?" என்றாள்.

2 பிப்ரவரி

கமலா ஹாரிஸைப் பார்த்துத் தைரியமாக இருங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல எண்ணம். அவருக்கும் அம்மா தமிழ், அப்பா ஜமைக்கா. 2021 ஜனவரியில் அவர் துணை அதிபரானபோது, தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்தார்கள். எங்கள் வீட்டில் டிவியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தோம், ஆயா திருஷ்டி கழித்தாள். நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

அதே மாதம் ஓசூரில் வாடகைக்கு வீடு தேடினேன். போனில் தமிழில் பேசும்போது சரி என்பார்கள், நேரில் போனால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம் என்பார்கள். ஐந்து வீடு இப்படி ஆனது. ஆறாவது வீட்டு அம்மா வீட்டுக்குள் தெலுங்கும் வாசலில் தமிழும் பேசுகிறவர். காப்பி கொடுத்துவிட்டு, "தண்ணி மோட்டார் காலைல ஆறு மணிக்கு, மறக்காதம்மா" என்றார், வேறு எதுவும் கேட்கவில்லை. இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

நம் மாவட்டத்தில் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசுகிறார்கள். யாரையும் நீ இதில் எத்தனை பங்கு என்று கேட்பதில்லை. இங்கே வளர்வது பாப்பாவுக்கு ஒரு விதத்தில் நல்லதுதான்.

9 பிப்ரவரி

நேற்று பெங்களூர் பஸ்ஸில் கண்டக்டர், "நீவு சித்தியா?" என்று கேட்டார். நம் ஊரில் சித்தி என்றால் அம்மாவின் தங்கை. முதன்முதலில் இப்படிக் கேட்டபோது, யாருக்குச் சித்தி என்று திருப்பிக் கேட்டிருக்கிறேன். கர்நாடகத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி மக்கள் இருக்கிறார்கள். பல நூறு வருஷத்துக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். கொங்கணியும் கன்னடமும் பேசுகிறார்கள். உத்தர கன்னட மாவட்டத்தில் 2003-ல் பழங்குடி என்ற அங்கீகாரம் கிடைத்தது. இத்தனை தலைமுறைக்கு அப்புறமும் அவர்களை எந்த நாடு என்று கேட்கிறார்களாம். இதை நினைத்தால் மனசு கனக்கிறது.

16 பிப்ரவரி

கட்டைவிரல் விஷயம். அம்மாவிடம் கேட்டுவிட்டேன். இத்தனை வருஷம் ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை.

முதலில், "நீயாதான் அப்படித் தின்ன" என்றாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் குழாயை மூடினாள். பெங்களூரில் அப்பாதான் அவளுக்கு அப்படிச் சாப்பிடச் சொல்லிக் கொடுத்தாராம். அவர் போன பிறகு, எனக்கு ஊட்டும்போது யாரும் பார்க்காத நேரத்தில் குழி செய்து ஊட்டுவாளாம். "பேரைத்தான் சொல்லக் கூடாதுன்னாங்க" என்றாள்.

ரத்தத்தில் வந்தது என்று ஜனவரியில் எழுதியதை அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். ஆனால் அது அம்மா கொடுத்தது. வாயைத் திறக்காமல் அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில் கொடுத்திருக்கிறாள்.

உங்கள் அக்காவை அந்த நிலைக்குக் கொண்டுவராதீர்கள். இதை உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்.

1 மார்ச்

உங்கள் பதிலைப் பார்த்தேன். மாமாவிடம் உட்கார்ந்து பேசியதற்கு ரொம்ப சந்தோஷம். அவர் அகான் இனத்தவர் என்றால் பாப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. பிறந்த கிழமையை வைத்து வருவது. வெள்ளிக்கிழமைப் பையன் கோஃபி, ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் பெயர் அதுதான். சனிக்கிழமைப் பையன் குவாமே. வெள்ளிக்கிழமைப் பெண் அஃபுவா, சில பகுதிகளில் எஃபுவா. வெள்ளிக்கிழமை பிறந்ததால் வீட்டில் மகாலட்சுமி என்று கூப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் கிழமையைத்தான் பார்த்திருக்கிறார்கள். அஃபுவாவா எஃபுவாவா என்பதை மாமா வாயால் சொல்லக் கேட்டுப் பழகுங்கள்.

8 மார்ச்

இன்னொருவர் கேட்கிறார், "கடைசியில் நீங்கள் யார், தமிழரா ஆப்பிரிக்கரா?" என்று. முன்பெல்லாம் பாதிப் பாதி என்று சொல்வேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. காவேரிப்பட்டணத்து ஆயாவுக்கும் நான் முழுப் பேத்தி, மோஷித் தாத்தாவுக்கும் முழுப் பேத்தி.

9 மார்ச்

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. எல்லா நாளும் அப்படித் தோன்றுவதில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போகிற நாட்களில் தோன்றுவதில்லை. பாப்பாவுக்கும் அப்படி நாட்கள் வரும். அன்றைக்கு அவளிடம் பேச வீட்டில் ஆள் இருக்கவேண்டும்.

23 மார்ச்

ஏப்ரலில் காது குத்து, உங்கள் மடியில். வாழ்த்துகள். பத்திரிகை வாசகம் பார்த்துச் சொல்லச் சொன்னீர்கள்.

என் காதுகுத்துப் பத்திரிகை ஒன்று இன்னும் அம்மா பெட்டியில் இருக்கிறது, 1991. மஞ்சள் அட்டை, நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் பழுப்பேறிவிட்டது. வலப்பக்கம் அம்மா வழித் தாத்தா, ஆயா பெயர், ஊர். இடப்பக்கம் அப்பாவைப் பெற்றவர்கள் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அப்பா அப்போது இங்கேதான் இருந்தார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அச்சகத்துக்காரர் இடம் வெறுமையாகத் தெரியக்கூடாது என்று அங்கே ஒரு குத்துவிளக்குப் படம் போட்டிருக்கிறார்.

நீங்கள் அனுப்பிய வாசகத்திலும் இடப்பக்கம் மாமா பெயர் மட்டும்தான் இருக்கிறது. அவருடைய அப்பா, அம்மா பெயரும் ஊரும் வேண்டும். போனில் கேட்டு நீங்களாக எழுதவேண்டாம், எழுத்து மாறிப்போகும். அவரையே ஒரு தாளில் எழுதச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் எழுதி, அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அச்சுக்குப் போவதற்கு முன் இங்கே ஒரு தடவை போடுங்கள், பார்க்கிறேன்.